பிள்ளை அழுதால் எழுந்து வெளியே போகணுமா? – டீச்சர் பதில்கள்

ஆகஸ்ட் பிறந்தாலே எனக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். சிவாஜிநகர் மாதா கோயிலில் 29ஆம் தேதி கொடியேற்றம், அதைத் தொடர்ந்து ஒன்பது நாள் ஜெபமான நவநாள், செப்டம்பர் 8 அன்று திருவிழாவும் தேரும். பெங்களூரில் குடும்பம் குடும்பமாகக் கோயிலுக்குக் கிளம்பும் காலம் இது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பாட்டியைக் கைப்பிடித்துக்கொண்டு, வர மாட்டேன் என்கிற பையனையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். போகிற இடத்தில் ஏதாவது ஒரு சங்கடம் நடக்கிறது. வீட்டுக்கு வந்து எனக்கு எழுதுகிறார்கள். இந்த மாதம் அப்படிப்பட்ட கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.) சாம்பியன் ரீஃபில் பிறந்த சுரங்கத் தொழிலாளியின் மகள். கல்யாணமாகிப் பெங்களூர் வந்து, தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கண்டோன்மெண்ட் பக்கத்தில் ஒரு பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த சபையில்) 31 வருஷமாகப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது வேதபாடம், சொல்லிக் கொடுக்கிறேன். நான் கத்தோலிக்கப் பெண், அதனால் எனக்குப் பழகிய முறையைத்தான் அதிகம் சொல்வேன்.

*

எங்கள் பையனுக்கு மூன்று வயது. பூசை நேரத்தில் நடுப்பாதையில் ஓடுவான், பெஞ்சுக்கு அடியில் புகுவான். போன ஞாயிற்றுக்கிழமை முன்னால் இருந்த அம்மா திரும்பி, “பிள்ளையை அடக்கத் தெரியாதவங்க ஏன் கூட்டிக்கிட்டு வரணும்?” என்று கேட்டுவிட்டார். அழுகையே வந்துவிட்டது. இவன் பெரியவனாகும்வரை காலைப் பூசைக்கு நான், மாலைப் பூசைக்கு நீ என்று பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். டீச்சர், அது சரியா?
*– லிங்கராஜபுரம் வாசகி*

வேண்டாம் தங்கச்சி, பிரித்துக்கொள்ளாதீர்கள். மூவருமாக வாருங்கள். வீட்டில் விட்டுவிட்டு வரும் பிள்ளை, ஏழு வயதில் ஒருநாள் திடீரென்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டான். கோயில் அவனுக்கு அந்நிய இடமாகத்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் மகளின் ஞாபகம் வந்தது. அவளுக்கு அப்போது பத்து மாதம், பல் முளைக்கும் நேரம். பிரசங்கத்தின் நடுவே வீறிட்டாள். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி “ச்சூ” கொட்டினார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுந்து போனவள் எட்டு மாதம் அந்தக் கோயில் பக்கம் போகவில்லை. கணவர் கூப்பிட்டால் தலைவலி என்பேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை மாலை, கூட்டம் குறைவாக இருக்கும் என்று வேறு கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ரஸ்ஸல் மார்க்கெட்டில் கீரை விற்கும் ஒரு பாட்டி, கூடையை வாசலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகள் சிணுங்க ஆரம்பித்ததும் ஒன்றும் கேட்காமல் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தன் ஜெபமாலையை அவள் கையில் கொடுத்தார். அவள் மணிகளைக் கடித்துக்கொண்டே இருந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் ஒரு பூசையை முழுதாகக் கண்டேன்.

அதனால் முதலில் என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். பிள்ளை சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். அந்தத் தாய்க்கு ஏற்கெனவே தெரியும், அவள் ஏற்கெனவே கூனிக்குறுகித்தான் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பித்தான் ஆக வேண்டும் என்றால், கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொள்ளத் திரும்புங்கள். மாற்கு நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில், பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டிய சீடர்கள்மேல்தான் இயேசு கோபப்பட்டார். பிள்ளைகள்மேல் இல்லை.

இனி உங்கள் பக்கம். வெறும் பொறுமையால் மூன்று வயதுப் பையனைச் சமாளிக்க முடியாது, கொஞ்சம் ஏற்பாடு வேண்டும்.

பின்னால் உட்காராதீர்கள். பின்னால் இருந்தால் அவனுக்குத் தெரிவதெல்லாம் முதுகுகள். முதுகைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் யார்தான் சும்மா இருப்பார்கள்? முன்னால் இரண்டாவது மூன்றாவது பெஞ்சில், சுவர் ஓரப் பாதையை ஒட்டி இடம் பிடியுங்கள். பீடம் தெரியும், மெழுகுவர்த்தி தெரியும், பீடச்சிறுவர்கள் தெரிவார்கள். எழுந்து போகவேண்டி வந்தால் யார் காலையும் மிதிக்காமல் ஓரமாகப் போய்விடலாம்.

வயிறு நிறையச் சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள். நன்மை (பூசையில் தரும் புனித அப்பம்) வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சாப்பிடக் கூடாது என்ற ஒழுங்கு நன்மை வாங்குகிறவர்களுக்குத்தான், அவனுக்கு இல்லை. ஆனால் சிப்ஸ் பாக்கெட்டைக் கோயிலுக்குள் பிரிக்காதீர்கள். பிள்ளையின் அழுகையைவிட அந்தக் காகிதச் சத்தம்தான் பக்கத்தில் இருப்பவரின் ஜெபத்தைக் கலைக்கும். துணியில் தைத்த படப் புத்தகம் ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று போதும். சாவிக்கொத்து, சக்கர வண்டி, பாட்டுப் பாடும் பொம்மை எல்லாம் வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம், முழுப் பூசைக்கும் அமைதியாக இரு என்று சொல்லாதீர்கள். மூன்று வயதுக்கு அது நடக்காத காரியம். நான் என் வகுப்பு அம்மாக்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மணி. ஃபாதர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது பீடத்தில் மணி அடிப்பார்கள் இல்லையா, அந்த ஒரு சமயத்தில் மட்டும் அசையாமல் இருக்கப் பழக்குங்கள். வீட்டிலேயே ஒரு சின்ன மணியை அடித்து விளையாட்டுப் போலச் சொல்லிக் கொடுங்கள். கோயிலில் அந்த நேரம் வரும்போது தூக்கிக்கொண்டு காதில், “இதோ மணி அடிக்கப் போறாங்க, பாரு” என்று கிசுகிசுங்கள். அரை நிமிஷம் இருப்பான். நாலு மாதத்தில் அது இரண்டு நிமிஷமாகும். நற்செய்தி வாசிக்கும்போது எல்லோரோடும் எழுந்து நிற்பது அடுத்தது. ஐந்து வயதுக்குள் பாதிப் பூசைக்கு மேல் வந்துவிடுவான், நான் பார்த்திருக்கிறேன்.

அழுகை நிற்கவே இல்லை என்றால் எழுந்து போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் வாசல் மண்டபத்தைத் தாண்ட வேண்டாம். பீடம் தெரிகிற இடத்தில் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். அங்கே கீழே இறக்கி விடுவதும் இல்லை, ஃபோனில் கார்ட்டூன் போட்டுக் கொடுப்பதும் இல்லை. வெளியே போனால் ஜாலி என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த வாரம் அதற்காகவே அழுவான். அடங்கியதும் உடனே உள்ளே வந்துவிடுங்கள். இந்த முறை நீங்கள் தூக்கிப் போனால் அடுத்த முறை அவர் தூக்கிப் போகட்டும். எங்கள் கோயிலில் மண்டபத்தில் நிற்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அம்மாக்கள்தான். இது எனக்குப் பிடிக்கவே இல்லை.

பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் அவனை முன்னால் கூட்டிப் போங்கள். நன்மை அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் எரியும் விளக்கைக் காட்டி, “இது எரிஞ்சா ஏசப்பா இங்கே இருக்கார்னு அர்த்தம்” என்று சொல்லி, அவனோடு சேர்ந்து வலது முழங்காலை மடக்கி வணங்குங்கள். நீங்கள் மனதார மடக்கினால் அவனும் மடக்குவான்.

உங்கள் பங்குத் தந்தையிடமும் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். 1973இல் ரோமிலிருந்து வந்த, சிறுவர்களோடு நிறைவேற்றும் திருப்பலி பற்றிய வழிகாட்டியில், மிகச் சிறு குழந்தைகளைப் பங்கைச் சேர்ந்தவர்கள் தனி இடத்தில் பார்த்துக்கொண்டு, முடிவில் ஆசீருக்கு உள்ளே கூட்டி வரலாம் என்றே இருக்கிறது. ஓர் அறையும், முறை வைத்து வரும் நாலு பேரும் இருந்தால் போதும்.

*

நாங்கள் இந்துக்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் ‘புது நன்மை’ என்று கோயிலுக்கு அழைத்திருக்கிறார்கள். பொட்டு வைத்துக்கொண்டு போகலாமா, செருப்பை எங்கே கழற்றுவது, எல்லோரும் வரிசையில் போய் அப்பம் வாங்கும்போது நாங்களும் வாங்குவதா, வாங்காமல் இருந்தால் மரியாதைக் குறைவா என்று ஒன்றும் தெரியவில்லை.
*– வைட்ஃபீல்ட் வாசகி*

பொட்டும் பூவுமாக, உங்கள் வீட்டு விசேஷத்துக்குப் போவது போலவே போங்கள் அம்மா. விவேக்நகர் குழந்தை யேசு கோயிலில் ஒரு வியாழக்கிழமை போய் நின்று பார்த்தால் உங்கள் தயக்கம் போய்விடும். மெழுகுவர்த்தியும் மாலையுமாக வரிசையில் நிற்பவர்களில் எத்தனையோ பேர் கிறிஸ்தவர்களே அல்ல. அவர்கள் கும்பிடுவதைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது உண்டு.

செருப்பு கோயிலுக்குக் கோயில் மாறும். நம் ஊரில் பெஞ்சு போட்ட கோயில்களில் பெரும்பாலும் போட்டுக்கொண்டே உட்காருகிறார்கள். வாசலில் கழற்றிய செருப்புகள் வரிசையாக இருந்தால் நீங்களும் கழற்றுங்கள். தரையில் உட்காருவது, செருப்பைக் கழற்றுவது, முழங்கால் மடக்குவதற்குப் பதில் கைகூப்பித் தலை தாழ்த்துவது இதெல்லாம் 1969இலேயே இந்தியாவுக்கென்று ரோம் அனுமதித்தவைதான். பூசையில் ஒரு கட்டத்தில் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்புவார்கள். நீங்களும் திருப்பிக் கும்பிடுங்கள். சமாதானம் சொல்லிக்கொள்வது அது, வேறு எந்தப் பொருளும் இல்லை.

அப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நல்ல மனசுக்காரர்களும் தவறிப் போகிறார்கள். கோயிலில் பிரசாதம் கொடுத்தால் வாங்காமல் இருப்பது உங்கள் வழக்கத்தில் அவமரியாதை. அதே நினைப்பில் கையை நீட்டிவிடுகிறார்கள். இது பிரசாதம் அல்ல. இது இயேசுவின் உடல் என்று நாங்கள் நம்புகிறோம். அந்த நம்பிக்கையில் ஞானஸ்நானம் பெற்று, பல மாதம் படித்து, ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அன்றைக்கு முதல்முறையாக வாங்கப் போகிறாள். ஆகவே நீங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சில கோயில்களில், கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு வரிசையில் போனால் ஃபாதர் ஆசீர்வாதம் மட்டும் கொடுப்பார். அழைத்தவர்களிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாமல் கையில் வாங்கிவிட்டால் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டாம், அங்கேயே ஃபாதரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திட்ட மாட்டார்.

மற்றபடி, எல்லோரும் எழுந்தால் எழுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். முழங்கால் போடும்போது மனமில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். வாசலில் தொட்டியில் இருக்கும் தீர்த்தம் குடிப்பதற்கு அல்ல, விரலில் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வதற்கு. காணிக்கைப் பை வந்தால் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

விருந்தாளிகளை அழைக்கும் நம்மவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. அழைப்பிதழோடு இதையெல்லாம் நீங்களே சொல்லிவிடுங்கள். வரிசையில் நின்று, கையை நீட்டி, எல்லோர் முன்னாலும் “நீங்க கத்தோலிக்கரா?” என்ற கேள்வியைச் சந்தித்த ஒரு பெரியவரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அவரைக் கூட்டி வந்தவர்கள் ஐந்து நிமிஷம் செலவழித்திருந்தால் அது நடந்திருக்காது.

*

ஃபோனிலேயே பைபிள் இருக்கிறது. கோயிலில் அதைத் திறந்து வாசகத்தைப் பின்தொடர்வது தப்பா?
*– ஹெப்பால் வாசகர்*

தப்பில்லை. ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் திறங்கள். ஆஸ்பத்திரியில் ஆள் இருப்பவர்களும், அவசரத்துக்கு அழைக்கப்படும் டாக்டர், நர்சுகளும் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு ஓரமாக உட்காரட்டும். ஆனால் உங்கள் பெண்ணோ பையனோ பக்கத்தில் இருந்தால் அச்சடித்த புத்தகத்தையே கையில் எடுங்கள் தம்பி. நீங்கள் பைபிள் படிக்கிறீர்களா, வாட்ஸ்அப் பார்க்கிறீர்களா என்று ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது.

*

மருமகள் சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பெண். எங்களோடு கோயிலுக்கு வந்தால் தீர்த்தம் தொடுவதில்லை, மாதா சுரூபத்துக்கு முன்னால் கும்பிடுவதில்லை. சும்மா நிற்கிறாள். நாலு பேர் பார்க்கிறார்கள். இது அவமரியாதை இல்லையா? பேரனின் ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவர்கள் சபைக்கும் ஒருநாள் வரச் சொல்கிறாள்.
*– கம்மனஹள்ளி வாசகி*

உங்களோடு சேர்ந்து வந்து நிற்கிறாளே அம்மா, அதைப் பாருங்கள். நம்பாத ஒன்றை ஊருக்காகச் செய்யாமல், உங்கள் கும்பிடுதலுக்கும் இடைஞ்சல் பண்ணாமல் அமைதியாக நிற்பது அவமரியாதை ஆகாது. நாலு பேர் முன்னால் தீர்த்தத்தைத் தொட்டு அவள் பக்கம் விரலை நீட்டாதீர்கள். அவளைச் சோதிப்பது போல ஆகிவிடும்.

அவர்கள் சபைக்கு அவசியம் போங்கள். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பரில் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளில் இருந்த சபைகள் ஒன்றுசேர்ந்தார்கள். நம் பூசையோடு நிறைய ஒத்துப்போகும், நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். போய் உட்கார்ந்ததும் தலைகுனிந்து ஒரு நிமிஷம் ஜெபியுங்கள், அவர்களும் அப்படித்தான் செய்வார்கள். பாமாலை என்கிற பாட்டுப் புத்தகமும் பைபிளும் கையோடு கொண்டு வருவார்கள். பிரசங்கத்தில் வசனம் சொன்னதும் எல்லோரும் பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். என் நாத்தனார் அந்தச் சபையில் வாழ்க்கைப்பட்டவள், அவளோடு போய் வந்த பிறகுதான் நான் பைபிளைக் கோயிலுக்கு எடுத்துப் போகப் பழகினேன். திருவிருந்து நடக்கும்போது, நம் திருச்சபை ஒழுங்குப்படி நாம் வாங்குவதில்லை. உட்கார்ந்தபடியே ஜெபியுங்கள். கடைசி ஆசீர்வாதம் முடியும்வரை எழுந்திருக்காதீர்கள். நம்மவர்களில் பலர் நன்மை வாங்கிய கையோடு பைக்கை எடுக்க ஓடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

*

16 வயது மகன் கிழிந்த மாதிரி தைத்த ஜீன்ஸ் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தான். கோயில் வாசலில் வைத்தே, வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வா என்று அனுப்பினேன். போனவன் திரும்பி வரவில்லை. ஆறு வாரமாகக் கோயிலுக்கே வருவதில்லை. நான் செய்தது தப்பா?
*– அல்சூர் வாசகர்*

ஜீன்ஸைப் பற்றி நீங்கள் நினைத்தது சரி. சொன்ன இடம் தப்பு தம்பி. உடுப்பைப் பற்றிய பேச்சு சனிக்கிழமை ராத்திரி, துணி தேய்க்கும்போது நடக்க வேண்டியது. கோயில் வாசலுக்கு வந்துவிட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பவே கூடாது, எதைப் போட்டுக்கொண்டு வந்தாலும்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். இரவு ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வர நேரம் இருக்காது. குழாயில் முகம் கழுவி, வேலைக்குப் போட்ட அதே காக்கியோடு லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கோயிலுக்கு வந்துவிடுவார். ஒருநாள் ஒரு பெரியவர் என் அம்மாவிடம், “அவரைப் பின்னால் உட்காரச் சொல்லும்மா, சட்டையில் மண் வாடை அடிக்குது” என்றார். அம்மா ஒன்றும் பதில் பேசவில்லை. எங்கள் ஐந்து பேரையும் எழுப்பிக் கடைசி பெஞ்சுக்குக் கூட்டிப் போய் அப்பாவோடு உட்கார வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ ஃபாதர் கவனித்துவிட்டார். பூசைக்கு முன்னால் வாசலில் நின்று, அப்பா வந்ததும் அந்தக் காக்கிச் சட்டையின் மேலேயே கையைப் போட்டு அணைத்துக் கூட்டிக்கொண்டு போய் இரண்டாவது பெஞ்சில் உட்கார வைத்தார். அப்பா பிரசங்கத்தில் தூங்கிப்போனார். யாரும் எழுப்பவில்லை.

யாக்கோபின் கடிதம் இரண்டாம் அதிகாரத்தை இன்றைக்கு எடுத்து வாசியுங்கள். தங்க மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், அழுக்குத் துணிக்காரருக்கு ஓரம் என்று சபையில் நடப்பதைத்தான் கண்டிக்கிறார். உங்கள் மகனுடைய ஜீன்ஸ் ஏழ்மையால் கிழிந்தது இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் வாசலில் நாம் யாரை நிறுத்தலாம் என்பதற்கு எனக்கு அந்த அதிகாரம்தான் அளவு.

இன்று ராத்திரி அவனிடம் போய், “வாசலில் வைத்துச் சொன்னது என் தப்பு” என்று சொல்லுங்கள். உடனே ஞாயிற்றுக்கிழமை பேச்சை எடுக்காதீர்கள், பேரம் போல ஆகிவிடும். ஒரு வாரம் போகட்டும். பிறகு கோயிலில் ஒரு வேலையோடு கூப்பிடுங்கள்: திருவிழாவுக்கு நாற்காலி போட ஆள் தேவைப்படும், ஒலிபெருக்கி வயர் இழுக்க ஆள் தேவைப்படும். அந்த வயதுப் பையன்கள் உட்காரக் கூப்பிட்டால் வருவதைவிட, தூக்கி வைக்கக் கூப்பிட்டால் சீக்கிரம் வருவார்கள். அந்த வேலைக்குக் கிழிந்த ஜீன்ஸ் ஒரு குறையே இல்லை.

*

திருவிழா அன்று பன்னிரண்டு பேர் போகிறோம். ஒருவர் முன்னாலேயே போய்த் துண்டு, பை வைத்து ஒரு வரிசையைப் பிடித்து வைப்போம். போன வருஷம் அதற்குப் பெரிய சண்டை. பாட்டிக்கு 84 வயது, நிற்க முடியாது. வேறு என்ன செய்வது?
*– சிவாஜிநகர் வாசகர்*

துண்டை எடுத்துவிடுங்கள். வெயிலில் நடந்து வந்து, காவிப் புடவையோடு நேர்ச்சைக்காக நிற்கும் பெண் வெறும் துண்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது நியாயம் இல்லை. பாட்டியையும், கூட ஒரே ஒரு ஆளையும் ஒரு மணி நேரம் முன்னால் அனுப்புங்கள். பாட்டிக்கு மாத்திரையும் தண்ணீரும் பையில் இருக்கட்டும். வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது என்ற ஒழுங்கு கிடையாது, பசித்தால் பிஸ்கட்டும் சாப்பிடலாம். மற்ற பத்துப் பேரும் கிடைத்த இடத்தில் நில்லுங்கள். முடிந்ததும் சந்திக்க ஓர் இடத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கூட்டத்தில் ஃபோனில் பேசினால் ஒன்றும் கேட்காது.

நான் வழக்கமாக வலது பக்கச் சுவரோரம் கடைசி பெஞ்சில் இருப்பேன். பாட்டிக்கு இடம் கிடைக்காவிட்டால் அங்கே கூட்டி வாருங்கள், நான் எழுந்துகொள்கிறேன்.